தாமதத்தின் விலையை யார் கொடுப்பது?



ஏழை நாடுகளின் கடன் நிவாரணமும் வளர்ச்சி நிதியும் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். தலைப்பு மிகப் பெரியது. ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு குறையை உங்கள்முன் வைக்கிறேன். அந்த நாடு ஜாம்பியா.

1964-இல் விடுதலை பெற்றபோது ஜாம்பியாவின் செல்வமெல்லாம் செம்புதான். 1970-களின் நடுவில் செம்பின் விலை விழுந்தது, எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. செம்பு விலை திரும்ப எழும் என்ற நம்பிக்கையில் அரசு கடன் வாங்கியது. விலை எழவில்லை, உலக வட்டி விகிதம் எழுந்தது. பிறகு வந்த பொருளாதாரச் சீரமைப்பு ஆண்டுகளில், நோயாளி மருத்துவமனை வாசலில் கட்டணம் கட்ட வேண்டிய நிலை வந்தது.

பெருங்கடன்பட்ட ஏழை நாடுகளுக்கென்று உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் 1996-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஜாம்பியா அதன் நிறைவுக் கட்டத்தை 2005-இல் எட்டியது. அதே ஆண்டு கிளெனீகிள்ஸில் கூடிய ஜி-8 எனப்படும் எட்டு நாடுகளின் தலைவர்கள், பன்னாட்டு நிறுவனங்களுக்கு வரவேண்டிய கடனையும் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டார்கள். ஏறத்தாழ 700 கோடி டாலராக இருந்த ஜாம்பியாவின் வெளிக்கடன் 50 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் கட்டணத்தை அரசு நீக்கியது. கடன் தள்ளுபடியால் மக்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று சொல்பவர்கள் இந்த ஒரு நடவடிக்கையையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே வேளையில் லண்டன் நீதிமன்றத்தில் வேறொன்று நடந்தது. 1979-இல் ருமேனியாவிடம் கடனுக்கு டிராக்டர்களும் வேளாண் கருவிகளும் வாங்கியிருந்தது ஜாம்பியா. அந்தப் பழைய பாக்கியை 1999-இல் டொனெகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, ஐந்தரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007-இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் தரும்படி தீர்ப்பாயிற்று. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி, எதையும் விட்டுக்கொடுக்காத ஒருவரிடம் போனது. இதைக் கண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், நிவாரணத் திட்டத்தில் உள்ள நாடுகளிடம் இப்படி வசூலிக்க முடியாதபடி 2010-இல் சட்டம் இயற்றியது. சட்டத்தால் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அது அந்தத் திட்டத்துக்கு உட்பட்ட பழைய கடன்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

புதிய கடன் வேறு வழியில் வந்தது. 2012-இல் 75 கோடி, 2014-இல் 100 கோடி, 2015-இல் 125 கோடி என மூன்று முறை ஜாம்பியா டாலர் பத்திரங்களை வெளியிட்டது. முதல் பத்திரத்துக்கு ஐந்தரை விழுக்காட்டை ஒட்டியிருந்த வட்டி, மூன்றாவதில் ஒன்பது விழுக்காட்டை நெருங்கிவிட்டது. சாலைகளுக்கும் மின் திட்டங்களுக்கும் சீனக் கடன் இன்னொரு பக்கம் சேர்ந்தது. ஆட்சியாளர்கள் அளவின்றி வாங்கினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஒன்பது விழுக்காடு வட்டி என்பது பணம் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்கும் சேர்த்து வாங்கிய விலை. அந்த விலையை ஆண்டுதோறும் பெற்றுக்கொண்டவர், ஆபத்து வந்த அன்று அசலும் குறையக்கூடாது என்பது நியாயமாகாது.

2020 நவம்பரில், 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் ஜாம்பியா தவறியது. அதன்பின் நடந்ததைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க, ஜி-20 நாடுகள் அப்போதுதான் பொதுச் சட்டகம் என்ற ஏற்பாட்டை அறிவித்திருந்தன. 2021 தொடக்கத்தில் ஜாம்பியா விண்ணப்பித்தது. அந்த ஆகஸ்டில் ஆட்சியும் மாறியது. நாணய நிதியத்தின் கடனுதவி 2022 ஆகஸ்டில் கிடைத்தது. கடன் கொடுத்த அரசுகள் 630 கோடி டாலர் கடனைச் சீரமைக்க 2023 ஜூனில் ஒப்புக்கொண்டன. பத்திரதாரர்களோடு செய்த உடன்பாட்டை, அவர்கள் போதுமான அளவு விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி அந்த அரசுகளின் குழு நவம்பரில் நிராகரித்தது. மறுபடியும் பேச்சு. 2024 ஜூனில்தான் பழைய பத்திரங்கள் புதியவையாக மாறின. தவறியதிலிருந்து மூன்றரை ஆண்டு! அதற்குள் 2024 பிப்ரவரியில் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவிக்க நேர்ந்தது. மக்காச்சோளம் கருகியது, கரிபா அணையில் நீர் வற்றி மின்சாரம் நின்றது.

இவ்வளவுக்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில், பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் ஜாம்பியா கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. வறட்சி வந்தால் குறைத்துக் கட்டலாம் என்ற விதி இல்லை. இப்படி எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கிரெனடா தன் பத்திரத்தில் சூறாவளி விதியைச் சேர்த்திருந்ததால், 2024-இல் பெரில் சூறாவளி தாக்கியபோது தவணைகளைத் தள்ளிவைக்க முடிந்தது.

நம் இந்தியாவில் ஒரு நிறுவனம் நொடித்தால் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் இருக்கிறது. வழக்கை ஏற்றதும் வசூல் நடவடிக்கைகள் நிற்கும், 330 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. நடைமுறையில் அது மீறப்படுகிறது என்பது வேறு. வரம்பாவது இருக்கிறது. ஒரு நாடு நொடித்தால் போய் நிற்க ஒரு மன்றம் இல்லை. நாணய நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் குரூகர் 2001-இல் அப்படியோர் அமைப்பை முன்மொழிந்தார். அமெரிக்காவின் எதிர்ப்பால் 2003-இல் அது கைவிடப்பட்டது. அன்று அதை நிறைவேற்றியிருந்தால் ஜாம்பியா இத்தனை ஆண்டு காத்திருந்திருக்காது என்பது என் துணிபு. ஜாம்பியாவோடு 2021-இல் விண்ணப்பித்த எத்தியோப்பியாவுக்கு, 2025 பிறந்தபோதும் பத்திரதாரர்களுடன் உடன்பாடு எட்டவில்லை.

நம் அண்டை நாடான இலங்கையும் 2022 ஏப்ரலில் கடன் கட்டுவதை நிறுத்தியது. நடுத்தர வருவாய் நாடு என்பதால் பொதுச் சட்டகத்தின் கதவுகூட அதற்குத் திறக்கவில்லை. நாணய நிதியத்தின் உதவிக்கு வேண்டிய, கடனைச் சீரமைப்போம் என்ற உறுதிமொழியை 2023 ஜனவரியில் முதலில் கொடுத்தது இந்தியா. கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு ஜப்பான், பிரான்சுடன் சேர்ந்து தலைமை தாங்கியதும் இந்தியா. நாம் இன்று கொடுப்போர் மேசையில் அமர்ந்திருக்கிறோம். ஆகவே தாமதத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

இந்தக் கருத்தரங்கிடம் நான் கேட்பது இதுதான். நிவாரணம் எவ்வளவு என்ற கணக்கோடு நின்றுவிடாதீர்கள். விண்ணப்பித்த நாளிலிருந்தே தவணையும் வழக்கும் நிற்க வேண்டும், பேச்சுவார்த்தைக்குக் காலவரம்பு வேண்டும், பேரிடர் வந்தால் தவணை தானாகத் தள்ளிப்போக வேண்டும். இவற்றை எந்தச் சட்டத்தில், எந்த வாசகத்தில் எழுதலாம் என்று உங்கள் கட்டுரைகள் ஆராயட்டும். பத்திர ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிக்கக்கூடிய சட்ட மாணவர்களும் பொருளியல் மாணவர்களும் ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். சேர்ந்து உழைத்து ஒரு தீர்மான வரைவை உருவாக்கி, நிறைவு அமர்வில் இந்த அவையின்முன் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.