விண்வெளிச் செலவு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் அங்காடித் தெருவுக்குச் சாலை என்று பெயர். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்த அங்காடி அது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர் பலர் அங்கே கடை நடத்தி வருகின்றனர். தமிழகத்திற்கு வெளியே வாழும் உங்களுக்கும், உங்கள் ஊரில் அத்தகைய தெரு ஒன்று பழக்கமாயிருக்கும்.

2025 ஜூலைத் திங்களில் ஒரு மாலை, அத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். சுபான்ஷு சுக்லா விண்வெளியிலிருந்து திரும்பிய செய்தி நாளிதழில் வந்திருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "ஏன் சார், ஓர் ஆள் மேலே போய்த் திரும்ப ஐந்நூற்றைம்பது கோடியாமே, இது கட்டுபடியாகுமா?" என்று கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன், அண்ணாச்சி" என்று மட்டும் கூறி வந்துவிட்டேன். அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பதே பொருள். வரவு என்றால் திரும்பி வருதல். பின்னரே இவ்விரு சொற்களும் கணக்கேட்டில் இடம் பெற்றன. ஆதலால் விண்வெளிச் செலவைப் பற்றிப் பேசும்போது இரு பொருளையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கின்றது.

விண்வெளிப் பயணம் விலைக்கு விற்கும் பொருளானது அண்மைக் காலத்தில்தான். 1984-இல் இராகேஷ் சர்மா சென்றது சோவியத் நாட்டின் விருந்தினராக. 2001-இல் டென்னிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கச் செல்வர், ஏறத்தாழ 2 கோடி டாலர் கொடுத்து ருஷ்யக் கலத்தில் இடம் பெற்றார் என்பர். செல்வர் தம் கைப்பொருளைக் கொண்டு வானைக் காணச் செல்வது அவரவர் விருப்பம். ஆனால் ஓர் அரசு, மக்கள் செலுத்திய வரிப்பணத்தில் தனியார் நிறுவனத்திடம் ஓர் இருக்கை வாங்கினால், கணக்குக் கேட்கும் உரிமை அண்ணாச்சிக்கு உண்டு.

சுக்லா சென்ற பயணத்தை நடத்தியது ஆக்சியம் என்னும் அமெரிக்க நிறுவனம். ஏற்றிச் சென்றது ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ஏவுகலம். 2025 ஜூன் 25-இல் புறப்பட்டு ஜூலை 15-இல் அவர் திரும்பினார். பயிற்சி உட்பட ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவென்று செய்தித்தாள்கள் எழுதின. 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். ஒரு முழு நிலவுப் பயணத்தின் விலைக்கும் ஒரு மனிதரின் இருக்கை விலைக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. அறிவியல் ஆராய்ச்சி ஒன்றே நோக்கமெனில், பொறிகளை அனுப்புவதே மலிவு என்பதை மறுக்க இயலாது.

இங்கே சிலர் வேறொரு விடை கூறுவர். புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கும் கடற்பகுதி பற்றிய தகவலும் விண்வெளி தந்த பயன்கள் அல்லவோ என்பர். உண்மையே, ஆனால் அவற்றைத் தந்தவை ஆளில்லாச் செயற்கைக்கோள்கள். ஒரு கணக்கின் வரவை மற்றொரு கணக்கில் எழுதுவதைச் சாலையில் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்பமாட்டார்.

அங்ஙனமாயின் நாம் வாங்கியது யாது? மனிதரை உயிரோடு அனுப்பி, உயிரோடு மீட்கும் தொழிலின் பழக்கத்தையே வாங்கினோம். நம் சொந்த ககன்யான் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் உயர்த்தி ஒப்புதல் அளித்த தொகை 20,193 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய முதலீட்டில் இறங்குபவர், அத்தொழில் நடக்கும் பட்டறையில் தம் ஆளைச் சில காலம் இருத்திக் கற்கச் செய்வது முறையே. சுக்லாவோடு, பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும் மாற்று வீரராகப் பயிற்சி பெற்றார்.

ஒரு நிகழ்ச்சியைக் கருதுங்கள். ஜூன் 11-இல் நிகழவிருந்த ஏவுதல், ஏவுகலத்தில் திரவ ஆக்சிஜன் கசிந்ததால் தள்ளிவைக்கப்பட்டது. கசிவை முழுமையாகச் சரிசெய்த பின்னரே ஏவ வேண்டுமென்று நம் குழு வற்புறுத்தியதாக, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் நாராயணன் பின்னர் கூறினார். அவர் குமரி மாவட்டத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் திரவ எரிபொருள் பொறிகளோடு நெடுநாள் பழகியவர். சரக்கைத் தொட்டுப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்தவரே நல்ல கொள்முதல் செய்ய இயலும். அத்தகைய அறிவு இருந்தமையால்தான் நாம் வெறும் பயணச்சீட்டு வாங்கியவர்களாக நிற்கவில்லை.

அந்த அறிவுக்கும் ஒரு முன்விலை உண்டு. இதே நகரத்தின் கடற்கரையிலுள்ள தும்பாவில், 1963 நவம்பர் 21-இல் முதல் ஏவுகலம் எழும்பியது. அதற்கு இடம் தந்தவர்கள் ஏழை மீனவர்கள். தங்கள் குடியிருப்பையும் புனித மரிய மகதலேனா ஆலயத்தையும் விட்டுக் கொடுத்தனர். ஏட்டில் எழுத இயலாத அந்தக் கடனை நினைவிற் கொண்டே இன்றைய செலவுகளை நாம் எடைபோட வேண்டும்.

சுக்லா அங்கே பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கச் செய்தார். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி வழியாக நெல், எள், தட்டைப்பயறு, கத்தரி, தக்காளி விதைகளும் உடன் சென்றன. அவற்றின் பயன் இனி வயலில்தான் தெரியும். கற்றவற்றை வெளிப்படையாக எழுதி, மாணவர்க்கும் பொறியியலார்க்கும் அளித்தால் இச்செலவு முதலீடாகும். விழா எடுத்து மாலையிட்டதோடு நின்றால் வெறும் செலவாகவே முடியும்.

சில நாட்கள் கழித்து அண்ணாச்சியிடம் இதையே கூறினேன். அவர் ஒரு பொட்டலம் வெந்தயம் மடித்துக் கொடுத்தவாறே, "அப்படியென்றால் கணக்கை இன்னும் மூடவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். ஆம், நேயர்களே, கணக்கு இன்னும் மூடப்படவில்லை. போனவர் நலமாகத் திரும்பி வந்தார். கொடுத்த பணத்தின் வரவை நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.