ஒரு கோப்பு, ஐந்து கைகள்



இங்கே வருபவர்கள் சாதனையைச் சொல்வார்கள். நான் ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டட வடிவமைப்பு அலுவலகம். பீம்களுக்கான கம்பிக் கணக்கு ஒரே எக்செல் கோப்பில், ஐந்து பேருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருந்தது. ஒரு நாள் காலையில் அதை என் லேப்டாப்பில் காப்பி எடுத்து வேலை பார்த்தேன். மாலையில் பழைய கோப்பின் மேலேயே போட்டுவிட்டேன். நடுவில், மதியம், எங்கள் சீனியர் பொதுக் கோப்பில் ஒரு பீமுக்குக் கம்பியைக் கூட்டியிருந்தார். அந்தத் திருத்தம் போயே போய்விட்டது.

கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மேஸ்திரி போன் செய்தார்: "சார், பக்கத்து பீமுக்கு நாலு கம்பி, இதுக்கு மட்டும் ரெண்டா?" அவர் கேட்காமல் இருந்திருந்தால்? நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. சீனியர் திட்டவில்லை. "தப்பு உன் மேல மட்டும் இல்ல தம்பி, நம்மகிட்ட ஒரு முறையே இல்ல" என்றார்.

முறைகள் ஏற்கெனவே இருந்தன. 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., நம் நூலகம் மாதிரி: ஒருவர் திருத்த எடுத்தால், திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 1986-ல் டிக் குரூனே வெளியிட்ட சி.வி.எஸ்.ஸில் பலரும் ஒரே சமயத்தில் திருத்தலாம், பிறகு இணைக்கலாம். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட்டில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்.

வரி வரியாக எழுதும் நிரலுக்கு இணைப்பது பொருந்தும். கட்டட வரைபடத்தை அப்படி இணைக்க முடியாது; அதற்குப் பூட்டுதான் நல்லது.

இன்னொன்று. 'சிங்க்' ஆகிறதே, பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒருவர் அழித்தால் எல்லோரிடமும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில்கூட 30 நாள்தான் இருக்கும். தனியாக ஒரு காப்பி வேண்டும். அதைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரில் 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று மூன்று கோப்பு இருக்கிறதா? சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் இருக்கிறது! யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். கேள்வி கேட்கும் மேஸ்திரி எல்லா சைட்டிலும் கிடைக்கமாட்டார்.