காலைப் புகையைப் படிக்கும் முறை

இரவெல்லாம் நின்றிருந்த டீசல் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் புகை கிளம்புகிறது. நான்கு தெரு ஓடி வந்த பிறகு பார்த்தால் புகையே இல்லை. இதைக் காணும் உரிமையாளர்களில் ஒரு சாரார், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார், புகை என்றாலே இன்ஜெக்டர்தான் என்று யாரோ சொன்னதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றுகிறார்கள். மறுநாள் காலையிலும் அதே புகை வந்து நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சான்றைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். புகை எந்த நிறம் என்பது பாதிச் சான்று மட்டுமே. அது எந்த நொடியில் தொடங்குகிறது, இன்ஜின் சூடானதும் மறைகிறதா, மறையாமல் தொடர்கிறதா என்பதுதான் மீதிப் பாதி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், பழுதைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வண்டியைக் கழற்றும் முன்பே தெரிந்துவிடும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, டீசல் எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய காமன் ரெயில் இன்ஜின் வரை அடிப்படை ஒன்றே: காற்றைக் கடுமையாக அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். இன்றைய கார்களில் சிலிண்டருக்குள் வரும் காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் பற்றுவதற்கு அதில் பாதியே போதும். ஆனால் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த இரும்பும் அலுமினியமும் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃப் மோட்டார் இன்ஜினை மெதுவாகச் சுழற்றும். அழுத்தப்படும் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசியவும், சூட்டை இழக்கவும் கூடுதல் நேரம் கிடைத்துவிடும். சூடு பற்றாத சிலிண்டரில் டீசல் முழுமையாக எரியாமல், நுண்துளிகளாக வெளியேறுகிறது. காலையில் தெரியும் வெள்ளைப் புகையில் பெரும்பகுதி இதுதான். உலோகம் சூடேறியதும் எரிதல் முழுமையாகிறது, புகை நிற்கிறது. ஆகவே, வந்து மறையும் வெள்ளைப் புகை முதலில் சொல்லும் செய்தி சூட்டுப் பற்றாக்குறைதான்.

ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது சொட்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் வெண்மையாகவும் தெரியும். அதற்கு நெடி இருக்காது, சற்று தூரத்திலேயே கரைந்துவிடும். அது பழுதே அல்ல. எரியாத டீசல் அப்படிக் கரையாது. தாழ்வாகப் படர்ந்து நிற்கும், பச்சை டீசல் நெடியோடு கண்ணைக் கரிக்கும். மூன்றாவது வகை கூலன்ட் கசிவு. ஹெட் கேஸ்கட் பழுதாகி கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் வரும் வெள்ளைப் புகையில் ஒருவித இனிப்பு வாடை இருக்கும். இன்ஜின் சூடான பிறகும் பெரும்பாலும் நிற்காது. கூலன்ட் டப்பாவில் அளவு வாராவாரம் குறையும், குமிழிகள் வரும், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகும். நிறம் ஒன்றாக இருக்கும் மூன்றில் ஒன்றுக்குச் செலவே இல்லை, ஒன்றுக்குச் சிறு செலவு போதும், ஒன்றோ ஓட்ட ஓட்ட இன்ஜினையே தின்றுவிடும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது நேரமும் நெடியும் கூலன்ட் அளவும்தான்.

நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. இங்கும் நேரமே பேசுகிறது. ஸ்டார்ட் செய்த உடனே ஒரு வீச்சு நீலமாக வந்து, பிறகு சுத்தமாகிவிட்டால், வால்வு சீல் தேய்ந்து இரவில் ஆயில் துளித்துளியாக இறங்கியிருக்கலாம். சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் மீதும் டர்போ மீதும் திரும்ப வேண்டும். கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல் என்று பொருள். அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்ட ஈ.ஜி.ஆர் வால்வு (புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. கறுப்புப் புகை குளிர்ந்த நேரத்தோடு நில்லாமல், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வரும்.

இனி, அதிகம் காணும் வகைக்கு வருவோம்: வந்து மறையும், டீசல் நெடியுள்ள வெள்ளைப் புகை. சோதனையைப் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். செல்ஃப் சுற்றும்போது அதன் மின்னழுத்தம் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், மற்ற எதையும் சந்தேகிக்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் சிலிண்டருக்குள் செஞ்சூடாகி, எரிதலுக்குக் கைகொடுக்கும் சிறு கம்பி அது. நான்கில் ஒன்று கருகிவிட்டால், அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாமல் வண்டி உதறும், வெள்ளைப் புகை வரும், சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். மின்னிணைப்பைக் கழற்றி, பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால், சாதாரண 12 வோல்ட் பிளக்கில் ஓர் ஓம் அளவில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது. புதிய வகைப் பிளக்குகள் சில 5 வோல்ட் அளவுக்கே செய்யப்பட்டவை. அவற்றை நேராகப் பேட்டரியில் கொடுத்துச் சோதித்தால் கருகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நம்மூர் வெயிலுக்கு ஹீட்டர் பிளக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பமான ஊரில் பிளக் இல்லாமலும் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகும் என்பது உண்மைதான். அதனாலேயே பழுது தெரியாமல் மறைந்துகிடக்கிறது. பழைய டீசல் கார்களில் காற்று இருபதில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கப்பட்டது. இன்றைய இன்ஜின்களில் அந்த அழுத்த விகிதம் குறைந்துவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பல வண்டிகளில் டாஷ்போர்டு விளக்கு அணைந்த பிறகும், இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும்கூட, ஹீட்டர் பிளக் சிறிது நேரம் சூடாக்கப்படுகிறது. ஸ்டார்ட் ஆவது வேறு, புகையில்லாமல் எரிவது வேறு.

ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லையே என்பது அடுத்த மறுப்பு. கம்ப்யூட்டர் தன் சென்சார்கள் அளப்பதை மட்டுமே அறியும். தேய்ந்த வால்வு சீலுக்கோ, குறைந்துவரும் கம்ப்ரஷனுக்கோ தனி சென்சார் கிடையாது. மாசுச் சான்றிதழ் இருக்கிறதே என்று சொல்வோருக்கும் இதே பதில்தான். அந்தப் பரிசோதனையை இன்ஜினைச் சூடாக்கிய பிறகே செய்ய வேண்டும் என்பது விதி. குளிர்ந்த நேரத்துப் புகையை அது பார்ப்பதே இல்லை.

அப்படியானால் இன்ஜெக்டர் குற்றவாளியே இல்லையா? சில நேரம் அதுவேதான். நுனி தேய்ந்து ஒழுகும் இன்ஜெக்டர் ஒரே சிலிண்டரில் கடும் தட்டல் சத்தத்தையும் புகையையும் தரும். ஆனால் பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் தேறிய பிறகு, ரிட்டர்ன் குழாயில் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியே அளந்து, கம்ப்ரஷனையும் பார்த்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். கம்ப்ரஷன் போன சிலிண்டரில் புது இன்ஜெக்டரைப் போட்டாலும் புகை வரத்தான் செய்யும். இதில் ஓர் எச்சரிக்கை: காமன் ரெயில் குழாய்களில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்; கையையே இழக்க நேரலாம்.

இத்தனை கவனம் பணத்துக்காக மட்டுமல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் வகைப்படுத்தியது. காலைப் புகை வீட்டு வாசலில்தான் வருகிறது. அதை முதலில் சுவாசிப்பது நம் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும். எனவே நேயர்களே, நாளைக் காலை காரைத் திறந்த வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, புகையின் நிறம், நெடி, அது நின்ற நேரம், கூலன்ட் அளவு, ஆயில் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரவே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, குளிர்ந்த இன்ஜினை அவரே காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சூடான வண்டியை ஓட்டிக்கொண்டு போய் காலைப் புகைக்கு மருந்து கேட்காதீர்கள்.