மழைக்கு ஒரு செடி, வெயிலுக்கு ஒரு செடி

கற்பூரவள்ளி சித்திரை வெயிலைத் தாங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் அழுகிப்போகும். சதைப்பற்றான இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிற செடி அது. வேரில் ஈரம் தேங்கினால் ஆகாது. அதனால் மழைக்கு முன்பே ஒரு கிளையை ஒடித்து, மணல் கலந்த தொட்டியில் நட்டு, சாரல் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை பிழைக்கும்.

தூதுவளைக்கோ மழை என்றால் கொண்டாட்டம். கொடி தளதளவென்று ஏறும். பறிக்கும்போது விரல் பத்திரம்! தண்டில் மட்டுமல்ல, இலையின் அடியில், நடு நரம்பிலும் வளைந்த முள் இருக்கும். முள்ளை நீக்கிவிட்டு, இலையை நெய்யில் வதக்கி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். சளிக்கு இதமாக இருக்கும். காய்ச்சல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், ரசத்தை நம்பி இருந்துவிட வேண்டாம்.

கோடைக்குப் புதினா. இலையை ஆய்ந்தபின் தண்டைக் குப்பையில் போடுகிறோமே, நுனியில் இரண்டு இலையை விட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நாளில் வேர் விடும். மண்ணுக்கு மாற்றி, உச்சிவெயில் படாமல் வைத்தால், நீர்மோருக்குக் கிள்ளிப் போட வீட்டிலேயே இலை இருக்கும்.