நாரும் கம்பியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது உருப்படியா பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். எனவே, நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். அது நார் கலந்த கான்கிரீட்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவையை ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நம் பாட்டன்மார் சுவர் மண்ணில் வைக்கோலை மிதித்துக் கலந்தார்களே, அதே யுக்திதான் இதுவும். பெரிய அலுவலகக் கட்டடங்களில், மண்மேல் போடும் கார் நிறுத்தத் தரைக்கு எஃகு நார் கலக்கிறோம். கன மீட்டருக்குச் சாதாரணமாக 20 முதல் 40 கிலோ. விரிசல் விழுந்தாலும், தையல் போட்ட மாதிரி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கம்பி வலை கட்டும் வேலையும் மிச்சம்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் அப்படிப்பட்ட ஒரு கட்டடம். பின்புறம் சரக்கு லாரி நிற்கும் தளம். மே மாத வெயில், கூடவே காற்று. நார்தான் இருக்கே என்ற தைரியத்தில், ஈரச் சாக்கு போடுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், வற்றிய ஏரி மாதிரி தளம் முழுக்க விரிசல்!

மேஸ்திரி சிரிக்கவில்லை. "நாரா சார் தண்ணி ஊத்தும்? நாமதானே ஊத்தணும்" என்றார்.

கலவை இறுகுமுன் மேற்பரப்பு காய்ந்ததால் வந்த விரிசல் அது. எஃகு நார் வேலை செய்வது பெரும்பாலும் கான்கிரீட் இறுகிய பிறகுதான். இறுகுமுன் வரும் விரிசலைக் குறைப்பதற்கு மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நார், கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே போதும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. தீ விபத்தில் சுமார் 160 டிகிரியில் உருகி, உள்ளே அடைபட்ட நீராவிக்கு வழிவிடும். அதிக வலிமைக் கான்கிரீட் தூண்கள் வெடித்துச் சிதறும் அபாயம் அதனால் குறையும். ஆனால் எந்த நாரைப் போட்டாலும் தண்ணீர் கட்டுவதை விட முடியாது.

தளத்தைப் பெயர்த்து மறுபடி போட்டோம். அந்த வெட்கம் ஆறுவதற்குள், "கீழே கம்பி வலை இல்லாமலே ஆச்சே, மாடித் தளங்களிலும் கம்பியைப் பாதியாக்கலாமே" என்று ஒப்பந்தக்காரர் தரப்பில் கேட்டார்கள். மாடித் தளத்துக்குக் கீழே மண் இல்லை ஐயா, மனுசங்க உட்கார்ந்திருப்பாங்க! தூண்களுக்கு இடையே வளையும் தளத்தில் இழுவையைச் சுமப்பது கம்பி. சிதறிக் கிடக்கும் நாரை நம்பி அதைப் பாதியாக்க முடியாது. கையெழுத்துப் போட மறுத்தேன். மூன்று மாதம் அவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

நண்பர்களே, புதுப் பொருள் வந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது எதைச் செய்யாது என்பதை மட்டும் முதலில் கேளுங்கள். இந்தக் கல்லூரி லேபில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்துக் கற்ற பாடமும் அதுதானே?