ஒரே கம்பியில் இரண்டு அழைப்பு

பிள்ளை கணினியின் முன் அமர்ந்து ஒரு விசையைத் தட்டுகிறான். எழுத்து உடனே திரையில் தோன்றுகிறது. கணினியின் மூளையாகிய செயலி, "யாராவது தட்டினார்களா?" என்று விசைப்பலகையையே பார்த்துக்கொண்டா இருக்கிறது? இல்லை. அதற்கு வேறு வேலைகள் உண்டு. விசைப்பலகைதான் அதைக் கூப்பிடுகிறது. செயலி கையிலிருந்த வேலையை நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அழைத்தவரைக் கவனித்துவிட்டுத் திரும்புகிறது. இந்த அழைப்புக்கு 'இண்டரப்ட்' என்று பெயர். தமிழில் குறுக்கீடு எனலாம்.

1981 இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. கணினியில் இப்படி அழைக்க எட்டுக் கம்பிகள் இருந்தன. 1984 இல் வந்த ஏ.டி. கணினியில் அவை பதினாறாயின. இரண்டு சில்லுகளை இணைக்கவே ஒன்று போய்விட, மிஞ்சியவை 15. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1 என்று பலவற்றை முன்பே ஒதுக்கிவிட்டார்கள். புதிதாகச் சொருகும் அட்டைக்கு எந்தக் கம்பி என்பதை, அட்டையிலுள்ள ஜம்பர் என்னும் சிறு இணைப்பானை மாற்றி, மனிதர்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வம்பு இங்கேதான் வந்தது. அந்தக் கணினிகளில் முதல் தொடர் துறைக்கும் மூன்றாம் தொடர் துறைக்கும் வழக்கமாக ஒரே கம்பி, 4 ஆம் கம்பி. ஒன்றில் மவுசையும் மற்றதில் மோடத்தையும் பொருத்தினால், மோடம் பேசத் தொடங்கியதும் மவுஸ் அசையாமல் நின்றுவிடும். ஏன்? ஒருவர் மணிக்கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்போது இன்னொருவரும் இழுத்தால் புதிய ஓசை எழுமா? இரண்டாம் அழைப்பு செயலியின் காதில் விழுவதே இல்லை. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய நல்ல பொருளைப் பழுது என்று எண்ணிவிடுவோம். வட்டின் அழைப்பு இப்படித் தொலைந்தால், பிள்ளை எழுதிய பாடமே சேமிக்கப்படாமல் போகலாம்.

இதைத் தடுப்பது இயக்க முறைமையின் உட்கருவான கெர்னலின் பொறுப்பு. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் டிரைவர் என்னும் நிரல் உண்டு. டிரைவர் தன் விருப்பத்துக்கு ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ள முடியாது. "இந்தக் கம்பி வேண்டும், அழைப்பு வந்தால் நான் இப்படிக் கவனிப்பேன், பிறரோடு பகிரச் சம்மதம் உண்டு, அல்லது இல்லை" என்று கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். கம்பி காலியாக இருந்தால் கிடைக்கும். ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தால், இருவருமே பகிரச் சம்மதித்திருக்க வேண்டும். இல்லையேல் மறுப்புத்தான்.

பெரட்டுக் களம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஒரே நிரையை இருவருக்குக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போய்ச் சண்டை தீர்ப்பதைவிட, விடியுமுன்னே பதிவேட்டைப் பார்த்து, "அது கொடுத்தாயிற்று" என்று கிராணி சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். முகத்துக்கு நேரே மறுக்கும் கெர்னலை எனக்குப் பிடித்திருக்கிறது.

1992 இல் வந்த பி.சி.ஐ. முறையில் பகிர்வது எளிதாயிற்று. கவனிக்கப்படும்வரை சாதனம் அழைப்பை விடாமல் பிடித்திருக்கும். அழைப்பு வந்ததும் கெர்னல் அக்கம்பியிலுள்ள டிரைவர்களை வரிசையாக எழுப்பும். ஒவ்வொன்றும் தன் சாதனத்தைப் பார்த்து, "என்னுடையது" அல்லது "என்னுடையதன்று" என்று உண்மை சொல்ல வேண்டும். ஒரு லட்சம் அழைப்பில் 99,900க்கு மேல் எவரும் உரிமை கொண்டாடாவிட்டால், லினக்ஸ் அந்தக் கம்பியையே அடைத்துவிடும். பாவம், அதே கம்பியில் ஒழுங்காக இருந்தவர்களுக்கும் அதனால் பாதிப்புத்தான்!

இன்னொன்று. டிரைவரை நீக்கும்போது பதிவையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால், வெறிச்சோடிய வீட்டுக்கு அழைப்புப் போகும், கணினியே விழுந்துவிடக்கூடும்.

இக்காலச் சாதனங்கள் பல கம்பியை நம்புவதில்லை. நினைவகத்தில் ஒரு செய்தியை எழுதியே அழைக்கின்றன. ஆனாலும் எண்களை ஒதுக்கும் கணக்கு கெர்னலிடமே இருக்கிறது. லினக்ஸ் கணினி கிடைத்தால் 'ப்ராக்' என்னும் அடைவில் 'இண்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த எண் யாருக்கு, எத்தனை முறை அழைத்தார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பிள்ளையைச் சில விசைகளைத் தட்டச் சொல்லி மறுபடியும் திறந்தால், ஒரு வரியில் எண்ணிக்கை கூடியிருப்பதைக் காணலாம்.