மணியார்டர் துண்டில் அப்பா



நரேந்திர ஜாதவ் தன் தகப்பன் தாமுவின் கதையை 1993இல் மராட்டியில் நூலாக்கினார். அவர் ரிசர்வ் வங்கிப் பொருளியலாளராக இருந்தவர். நான் ஒசூரில் வெறும் கிளார்க். அது கிடக்கட்டும். தாமு அதிகம் படிக்காத மகர் தொழிலாளி. மகன் தூண்டித்தான் வயதான காலத்தில் நோட்டில் எழுதினார். 2003இல் வந்த ஆங்கில நூலில் தாய் சோனுவும் பேசுகிறார்.

எங்கப்பா எழுதல. கோலார் தங்கவயல் சுரங்கத்திலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்க சேரிக்கு அனுப்பிய மணியார்டர் துண்டுகள்தான் மிச்சம். அதிலும் கையெழுத்து வேற யாரோடதோ. எல்லாத்திலும் ‘இவ்விடம் நலம்’. அது எழுதிக்கொடுத்தவர் வழக்கம். பாறைத்தூசி நுரையீரலைத் தின்னதைப் பத்தி ஒரு வரி இல்ல. அந்த இருமலை அம்மா சொல்றாங்க. கூட இறங்கினவங்க சொல்றாங்க. 2001இல் சுரங்கம் மூடினதும் அவங்க பெங்களூர், ஒசூர்னு சிதறிட்டாங்க. ஞாயித்துக்கிழமைகளில் தேடிப் போய் செல்போனில் பதிவு பண்றேன். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா, ரெண்டையும் பேரோட எழுதிக்கிறேன். வாழ்க்கை வரலாறுன்னா கடிதக்கட்டு வேணும்கிறது கடிதம் எழுதத் தெரிஞ்சவங்க வச்ச சட்டம்.

உங்க வீட்டில் பழைய ரேஷன் கார்டு, கேட் பாஸ், சம்பளச் சீட்டு இருந்தா போகிக்கு எரிச்சிடாதீங்க. கொண்டாங்க, நகலெடுத்துட்டுத் திருப்பித் தர்றேன்.